நிபியா பரீட்சை எழுதிய வருடம்

என் அம்மா நிபியா எதையும் நிறுத்தியதில்லை. சமையலறை ரேடியோ நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து ஓடுகிறது. சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றும்போதுகூட, பழையதைக் கழற்றிப் புதியதைப் போடுகிற அந்த ஒரு கணத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். கேட்டால், "நிறுத்தினா திரும்ப ஓடும்னு என்ன நிச்சயம்?" என்பாள்.

போன ஆகஸ்டில் இறந்துபோனாள். இதயம். ஒரு செவ்வாய்க்கிழமை, காய்கறிச் சந்தையில், வரிசையில் அவள் முறை வருவதற்குச் சற்று முன். ஆம்புலன்ஸை ஓட்டியது அவள் சிநேகிதர் வாஷிங்டன். ரேடியோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஊரான துரஸ்னோவில் இருக்கும் கூட்டுறவு மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அம்மாவின் வேலை. அதற்காக அவளை யாரும் எடுக்கவில்லை. தட்டச்சு செய்யத்தான் சேர்ந்தாள். முதல் கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் அதைக் கண்டு பயந்தார்கள். அம்மா அதைத் திட்டினாள். திட்டியதும் அது வேலை செய்தது என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிறகு வந்த ஒவ்வொரு இயந்திரமும் அவள் மேசைக்கே வந்து சேர்ந்தது.

அவற்றில் முக்கியமானது சுலெமா. நோயாளிகளின் விவரம், மருத்துவர்களின் நேரம், மருந்துக் கிடங்கு எல்லாவற்றையும் தாங்கி நின்ற சர்வர். அம்மாவின் அத்தை ஒருத்தி அந்தப் பெயரில் இருந்தாள். தொண்ணூறு தாண்டியும் ஒருநாள்கூடப் படுக்காதவள். அந்த ராசி ஒட்டட்டும் என்று அம்மா வைத்த பெயர். ஒட்டியது. ஒன்பது வருடம் சுலெமா நிற்கவே இல்லை. மின்சாரம் போனால் பேட்டரி, பேட்டரி தீருவதற்குள் ஜெனரேட்டர். சர்வர் அறையை மாடியிலிருந்து கீழே மாற்றச் சொன்னபோதுகூட அம்மா அதை நிறுத்தவில்லை. பேட்டரியோடும் நீண்ட கேபிளோடும் சேர்த்து ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, பட்டியைக் கட்டி, லிஃப்டில் இறக்கினாள். தள்ளியது வாஷிங்டன்.

வாஷிங்டன் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். எங்கள் நாட்டில் அவர் வயதுக்காரர்கள் பலருக்கு இப்படித்தான் பெயர். அவர் தம்பி லிங்கன். அழைப்பு இல்லாத நேரங்களில் வெந்நீர் ஃபிளாஸ்க்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு சர்வர் அறைக்கு வந்துவிடுவார். குளிர்சாதனம் ஓடும் அறையில் இருவரும் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு மாத்தே என்கிற கசப்பு மூலிகைத் தேநீர் குடிப்பார்கள். ஒரே சுரைக் குடுக்கை, உறிஞ்ச ஒரே உலோகக் குழல், மாறி மாறி.

"எத்தனை பேஷன்ட்ட இதுல படுக்க வச்சிருக்கேன்," என்று ஸ்ட்ரெச்சர் கதையைச் சொல்வார் வாஷிங்டன். "முனகாம வந்தவ சுலெமா ஒருத்திதான்."

"உன் டிரைவிங்ல வராம இருந்தா எல்லாரும் முனகாமதான் வருவாங்க," என்பாள் அம்மா.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது, அவள் இறப்பதற்கு முந்தைய வருடம், புது நிர்வாகம் வந்தது. நோயாளிகளின் விவரங்களைக் கையாள்பவர் சர்வர் நிர்வாகத்தில் முறையான சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும், வருடக் கடைசிக்குள். இல்லாவிட்டால் வேறு பணி. வேறு பணி என்றால் வரவேற்பு ஜன்னல். ஓய்வூதியத்துக்கு அம்மாவுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது.

அன்று மாலை எனக்கு போன் செய்தாள். நான் தலைநகர் மொந்தெவிதேயோவில் இதே வேலைதான் பார்க்கிறேன். அந்தச் சான்றிதழ் என்னிடம் எப்போதிருந்தோ இருக்கிறது.

"ஜன்னல்ல உக்காந்தா சிரிக்கணும், லெத்திசியா."

"சிரிச்சா என்னம்மா?"

"வர்றவன் எல்லாம் வயித்து வலியோட வருவான். அவனப் பாத்து நான் எதுக்குச் சிரிக்கணும்? அது மரியாதையா?"

"அப்ப பரீட்சை எழுது. நான் சொல்லித் தர்றேன்."

"நீயா?" என்றாள், ரேடியோவுக்கு மேலே குரலை உயர்த்தி. "உனக்கு மூக்கு சிந்தத் தெரியாத காலத்துல நான் சர்வர் பாத்துக்கிட்டிருந்தேன், மகளே. புத்தகத்த மட்டும் அனுப்பு."

அனுப்பினேன். தடித்த புத்தகம். அதைப் படிக்கும் முறையை அவளே வகுத்துக்கொண்டாள்: வாஷிங்டன் கேள்வியை வாசிக்க வேண்டும், அவள் பழைய மடிக்கணினியில் செய்து காட்ட வேண்டும். வாஷிங்டனுக்குக் கணினி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் சந்தேகப்படத் தெரியும்.

"இந்தச் சேவைய ஓட விடு, அப்படின்னு போட்டிருக்கு. ஓடுதா?"

"ஓடுது."

"எனக்கு ஒண்ணும் தெரியலியே."

"உனக்கு எதுக்குத் தெரியணும்? ஆம்புலன்ஸ் இஞ்சின் ஓடுறது எனக்கென்ன தெரியுமா?"

"ஊருக்கே தெரியும், நிபியா. சத்தம் அப்படி."

அவள் தப்பு செய்தாலும் அவர் தப்பாகச் சந்தேகப்பட்டாலும் அபராதம், குடுக்கையில் ஊற்றும் முதல் மாத்தேவைக் குடிப்பது. அது கசக்கும், பாதி ஆறியும் இருக்கும். ஜூனில் தொடங்கிய அந்தக் குளிர்காலத்தில் அம்மா நிறையக் கசப்பு குடித்தாள் என்று வாஷிங்டன் சொல்கிறார். அவரே நிறையக் குடித்தார் என்று அம்மா சொன்னாள். மழை பெய்தால் படிப்பு கிடையாது. அன்றைக்கு எங்கள் ஊர் வழக்கப்படி மாவைத் தட்டி எண்ணெயில் போட்டு எடுக்க வேண்டும். அந்த வருடம் நல்ல மழை.

செப்டம்பரில் எழுதினாள். வீட்டிலிருந்தபடியே எழுதலாம், எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பாளர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார், வேண்டியதைத் திரையில் எழுதிச் சொல்வார். மேசையில் ஒன்றும் இருக்கக் கூடாது. அறையில் வேறு யாரும் கூடாது. வாயை அசைக்கக் கூடாது. குடிக்க, நிறமில்லாத பாட்டிலில் தண்ணீர் மட்டும்.

"தண்ணியா?" என்றாள் அம்மா போனில். "தண்ணி குடிச்சா மூளை எப்படி ஓடும்?"

"மாத்தே கூடாதும்மா."

"ஏன்? அந்தக் குழல்ல பதில் எழுதி வச்சிருப்பேனா?"

முதல் சிக்கல் ரேடியோ. அறையில் யாரோ பேசுகிறார்கள் என்று கண்காணிப்பாளர் எழுதினார். அணைத்திருந்தால் ஒரு நொடி வேலை. அம்மா அதை நீளமான வயரோடு குளியலறைக்குக் கொண்டுபோய், போர்வையைச் சுற்றிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். இரண்டாவது சிக்கல் அவள் இடது கை. குடுக்கை இல்லாவிட்டாலும் கை குடுக்கையைப் பிடித்த மாதிரியே வளைந்து நெஞ்சுக்கு அருகில் நின்றது.

கையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கண்காணிப்பாளர் கேட்டார்.

ஒன்றுமில்லை என்று அம்மா தட்டினாள்.

கையை விரித்துக் காட்டுங்கள்.

விரித்துக் காட்டினாள். விரலை மடக்கியதும் பழையபடி வளைந்தது. பரீட்சை முடிவதற்குள் அந்தக் கையைப் பலமுறை கேமராவுக்குக் காட்ட வேண்டியிருந்தது.

அப்படியும் நேரம் மீதம் இருக்க முடித்துவிட்டாள். எல்லாம் ஓடியது. டிஸ்க் இணைந்திருந்தது, சேவைகள் பதில் சொல்லின, முகவரிகள் சரியாக இருந்தன. எனக்கு போன் செய்து, "உன் புத்தகத்துல பாதி தேவையே இல்ல," என்றாள். வாஷிங்டன் ரொட்டிக் கடையில் கேக் சொன்னார்.

மறுநாள் முடிவு வந்தது. தோல்வி. அதுவும் சாதாரணத் தோல்வி இல்லை. வெட்கப்பட வைக்கிற மதிப்பெண்.

"அந்தக் கண்காணிப்பாளன்தான்," என்றாள். "என் கையப் பாத்தே கெடுத்துட்டான்."

மதிப்பெண் விவரத்தை வாசிக்கச் சொன்னேன். பயனர் கணக்குகள் மட்டும் சரி. மற்றதெல்லாம் பூஜ்யம். எனக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா, முடிச்சதும் மெஷின ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?"

"எதுக்கு?"

"பண்ணியா இல்லியா?"

"நல்லா ஓடிக்கிட்டிருக்கறத எவளாவது நிறுத்துவாளா?"

விதிமுறையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது: திருத்துவதற்கு முன் இயந்திரங்களை நிறுத்தி எழுப்புவோம். அதற்குப் பிறகு எது நிற்கிறதோ அதற்குத்தான் மதிப்பெண். இந்தச் சேவை இப்போது ஓடட்டும் என்று சொல்வது ஒரு கட்டளை. ஒவ்வொரு முறை எழும்போதும் தானாக ஓடட்டும் என்று சொல்வது வேறொரு கட்டளை. டிஸ்க்கைக் கையால் இணைப்பது ஒன்று. எழும்போதே இணையும்படி எழுதி வைப்பது வேறு. இரண்டாவது வகைக்கு அம்மாவின் வாழ்க்கையில் வேலையே வந்ததில்லை. அவள் இயந்திரங்கள் எழுந்ததில்லை, விழுந்தால்தானே.

சொன்னேன். கேட்டுக்கொண்டாள். பிறகு, "அப்ப சுலெமா?" என்றாள்.

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருடமாக அம்மா சுலெமாவுக்குச் செய்த வைத்தியம் எல்லாம் அப்படி ஓட்டத்திலேயே செய்தது. எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. சுலெமா ஒரு முறை நின்றால் யாரும் அறிந்த சுலெமாவாக எழ மாட்டாள்.

நவம்பரில் இன்னொரு வாய்ப்பு இருந்தது. அம்மா மடிக்கணினியில் பழகத் தொடங்கினாள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அவளால் முடியவில்லை. கட்டளையைத் தட்டிவிடுவாள், என்டர் விசைக்கு மேல் விரல் நின்றுவிடும்.

"வாஷிங்டன், நீ அமுக்கு."

"பரீட்சைக்கும் நான்தான் வரணுமா?"

"அமுக்குய்யா."

அவர் அமுக்குவார். இவள் கண்ணை மூடிக்கொள்வாள். பிறகு, "வந்துட்டாளா?" என்று கேட்பாள். பழைய மடிக்கணினியைப் பற்றித்தான்.

ஒருநாள் எனக்கு போன் செய்து, "ஞாயித்துக்கிழமை வா," என்றாள். "சுலெமாவ நிறுத்தப் போறேன்."

"நிர்வாகத்துக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். மத்தியானம் எல்லாம் காகிதத்துல எழுதிக்குவாங்க. திங்கக்கிழமை காலைல ஓடணும்னாங்க."

"ஓடலன்னா?"

"ஓடலன்னா ஜன்னலுக்குக்கூட வச்சுக்க மாட்டாங்க."

"அப்ப எதுக்கும்மா இப்ப? பரீட்சை முடியட்டும்."

"சொந்த வீட்டுல செய்யப் பயந்துக்கிட்டு, எவனோ காட்டுற மெஷின்ல செஞ்சு பாஸ் பண்ணி என்ன?"

பஸ் பிடித்துப் போனேன். சர்வர் அறையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தாள், மூலையில். "வாயத் திறந்தா வெளிய," என்றாள். நான் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். வாஷிங்டன் மாத்தே ஊற்றி நீட்டினார். அம்மா குடித்து, குடுக்கையைத் திருப்பிக் கொடுத்து, "நன்றி," என்றாள்.

வாஷிங்டன் என்னைப் பார்த்தார். மாத்தே குடிக்கும்போது நன்றி சொன்னால், 'போதும், இனி வேண்டாம்' என்று அர்த்தம். என் அம்மா அந்த வார்த்தையைச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

அவளே அமுக்கினாள். கண்ணை மூடவில்லை.

சுலெமாவின் உள்ளே சுழன்ற காற்றாடிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்த அறையில் ஒரு சுவர்க் கடிகாரம் இருப்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"இவ்ளோ சத்தமா போட்டுக்கிட்டிருந்தா சுலெமா, இவ்ளோ நாளா?" என்றார் வாஷிங்டன்.

சுலெமா எழுந்தாள். பழைய முகவரியோடு, மேல்மாடியில் இருந்த காலத்து முகவரி. மருந்துக் கிடங்கு இல்லை. மருத்துவர்களின் நேரம் இல்லை. பெரிய டிஸ்க் எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை. பக்கத்து அறைத் திரைகள் எல்லாம் காலி.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"உக்காரு," என்றாள் அம்மா, திரும்பாமல்.

பிறகு வேலை ஆரம்பித்தது. முகவரியை மாற்றினாள்; இந்த முறை எழுதி வைத்தாள். நிறுத்தி எழுப்பினாள். முகவரி நின்றது, டிஸ்க் இல்லை. டிஸ்க்கை இணைத்தாள், எழுதி வைத்தாள், நிறுத்தினாள். அது நின்றது, ஆனால் மருந்துக் கிடங்கு டிஸ்க்குக்கு முன்னால் எழுந்துவிட்டு ஒன்றும் காணோம் என்று படுத்துக்கொண்டது. "அவசரக்காரி," என்று அதைத் திட்டினாள். வரிசையை மாற்றினாள். ஏன் இப்படிச் செய்தோம் என்று மறந்துபோன வைத்தியங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சிலது அவளுக்கு ஞாபகம் வந்தது. சிலது வரவில்லை, அப்போது புத்தகத்தைப் புரட்டினாள், தேவையே இல்லை என்று சொன்ன பாதியை. ஓர் இடத்தில் தப்பாக எழுதிவிட்டாள்; சுலெமா எழவே இல்லை. அப்போது மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"வேணாம்," என்றாள். "மூக்கு மட்டும் சிந்து."

நான் அழுதுகொண்டிருந்தேன் போலிருக்கிறது. மீட்பு முறையில் எழுப்பி அந்த வரியைத் திருத்தினாள். பரீட்சையில் வரக்கூடியதுதான் அதுவும்.

பழைய இயந்திரம் எழ நேரம் எடுக்கும். ஒவ்வொரு முறையும் வாஷிங்டன் தனக்கும் எனக்கும் ஒரு சுற்று ஊற்றினார். மாலையில், கடைசி முறை, அம்மா எதையும் தொடவில்லை. நிறுத்தினாள், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் பச்சையில் வரிகள் ஏறின. பக்கத்து அறையிலிருந்து செவிலி ஒருத்தி, "வந்துருச்சு!" என்றாள்.

அம்மா கையை நீட்டினாள். வாஷிங்டன் குடுக்கையைக் கொடுத்தார்.

"நன்றின்னு சொன்னியே?" என்றார்.

"சும்மா சொன்னேன். ஊத்து."

நவம்பர் பரீட்சையில் அவள் பிழைத்தது பெரிய காரியம். ஒவ்வொரு பணிக்கும் பிறகு ரீஸ்டார்ட் செய்தாள். இரண்டு பணிகளைச் சேர்த்துச் செய்து ஒரு முறை நிறுத்திப் பார்த்தால் போதும் என்று நான் சொல்லியிருந்தேன். கேட்கவில்லை. பாதி நேரம் இயந்திரம் எழுவதைப் பார்த்துக்கொண்டே கழிந்தது. கடைசிப் பணியைத் தொடக்கூட நேரமில்லை. இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் தட்டினாளாம். தேறினாள். எல்லையை உரசிக்கொண்டு. நான் எடுத்த மதிப்பெண் என்ன என்று அதற்கு முன் அவள் கேட்டதில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. சான்றிதழைச் சட்டம் போட்டு சர்வர் அறையில் மாட்டினாள். வாஷிங்டன் அதற்கு அடியில் ஃபிளாஸ்க்கை வைக்க ஓர் ஆணி அடித்துப் பலகை போட்டார்.

அதன் பிறகு அவளுக்கு அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. மாதம் ஒரு முறை சுலெமாவை நிறுத்தி எழுப்ப வேண்டும். எப்போது என்பதில்தான் அவள் மூளை. இருபத்தொன்பதாம் தேதி, மதியம். மாதாமாதம் அந்தத் தேதியில் எங்கள் நாட்டில் வீட்டுக்கு வீடு செய்வது போல மருத்துவமனைச் சமையலறையிலும் நியோக்கி, வேகவைத்த உருளைக்கிழங்கு மாவு உருண்டை. தட்டுக்கு அடியில் காசு வைத்துச் சாப்பிட்டால் அடுத்த மாதம் கையில் பணம் நிற்கும் என்று நம்பிக்கை. அந்த ஒரு வேளையில் விசைப்பலகையைத் தொட ஆளே இருக்க மாட்டார்கள். சுலெமாவுக்கு அடியிலும் ஒரு காசு வைத்திருந்தாள், அவளுக்கும் சாப்பாடு நேரம் என்று. வீட்டு ரேடியோவை மட்டும் நிறுத்தவில்லை. கேட்டால், "அதுக்கு யாரும் பரீட்சை வைக்கல," என்பாள்.

ஆகஸ்டு இருபத்தொன்பதாம் தேதி. அடக்கம் முடிந்து சில வாரம். மதியம் எனக்கு போன் வந்தது, வரவேற்பு ஜன்னலில் இருக்கும் சில்வானா.

"லெத்திசியா, உங்கம்மா எல்லா ஸ்கிரீன்லயும் பேசுறாங்க."

மாதாமாதம் அந்த நேரத்தில் சுலெமா தானாக நின்று எழும்படி அம்மா எழுதி வைத்திருந்தாள். அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் சுலெமாவோடு இணைந்த எல்லாத் திரையிலும் ஓர் அறிவிப்பு வரும். உயிரோடு இருந்தபோது அதை யாரும் கவனித்து வாசித்ததில்லை; நிபியா கத்துகிறாள் என்று எழுந்து சாப்பிடப் போய்விடுவார்கள். இப்போது வாசித்தார்கள்:

"பிள்ளைங்களா, நியோக்கி ரெடி. எழுதினத சேவ் பண்ணுங்க, சுலெமாவ நிறுத்தப் போறேன். சேவ் பண்ணாதவங்க அப்புறம் என்கிட்ட வந்து அழ வேணாம். நிபியா."

கணக்குப் பிரிவில் ஒருவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாராம்.

நிர்வாகம் எனக்கு எழுதியது. புது ஆள் வரும்வரை சுலெமாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியுமா, முதல் வேலையாக அந்த அறிவிப்பை எடுத்துவிட முடியுமா, ஊழியர்கள் மனம் சங்கடப்படுகிறது. நியாயமான வேண்டுகோள். செப்டம்பர் இருபத்தொன்பது காலை பஸ்ஸில் துரஸ்னோ போனேன்.

சர்வர் அறையில் சான்றிதழ் மாட்டியபடி இருந்தது. பலகையில் ஃபிளாஸ்க். வாஷிங்டன் கோட்டு போட்டுக்கொண்டு காத்திருந்தார். நான் அந்த அறிவிப்பு இருந்த கோப்பைக் கணினியில் திறந்தேன். ஒரு வரிதான். அழித்தால் தீர்ந்தது.

சில்வானா கதவருகே வந்து நின்றாள்.

"எடுக்கப் போறியா?"

"எடுக்கச் சொல்லியிருக்காங்க."

"நாங்க யாரும் சொல்லல. கணக்குப் பிரிவுல ஒருத்தர்தான் சொன்னார்." உள்ளே வந்தாள். "எடுத்துடாத. அவங்க திட்டலன்னா இங்க யாரும் சேவ் பண்ண மாட்டாங்க."

"நிர்வாகத்துக்கு நான் என்ன சொல்றது?"

"டெக்னிக்கலா அவசியம்னு சொல்லு," என்றார் வாஷிங்டன். "நிபியா எல்லாத்துக்கும் அதத்தான் சொல்வா."

அந்த வரியைத் தொடாமல் கோப்பை மூடினேன். அறிவிப்பு வந்தது. வெளியே நாற்காலிகள் நகரும் சத்தம், யாரோ, "சேவ் பண்ணிட்டேன், நிபியாம்மா!" என்று கத்தினார்கள், யாரோ சிரித்தார்கள். பிறகு காற்றாடிகள் ஓய்ந்தன. கடிகாரம் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது, விடவில்லை.

பச்சை வரிகள் ஏற ஆரம்பித்தன. முகவரி. டிஸ்க். டிஸ்க்குக்குப் பின்னால் மருந்துக் கிடங்கு, அவள் வைத்த வரிசையில்.

"வந்துட்டாளா?" என்றார் வாஷிங்டன்.

"வந்துட்டா."

குடுக்கையை நீட்டினார். குடித்துவிட்டு, நன்றி என்று சொல்லாமல் திருப்பிக் கொடுத்தேன். இன்னொன்று ஊற்றினார்.

"சீக்கிரம் குடி," என்றார். "நியோக்கி ஆறிடும். காசு வச்சிருக்கியா?"